உடலுக்குள் நுழையும் திரை: பாடி ஹாரர் சினிமாவுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு விளிம்பில் வாழும் நமக்குத் தமிழ்ப் படத்தையும் மலையாளப் படத்தையும் ஒரே வாரத்தில் பார்க்கும் பழக்கம் உண்டு. உலக சினிமாவைத் தேடிப் பார்க்கும் இளைஞர்களுக்கும் இங்கே குறைவில்லை. ஆயினும் பாடி ஹாரர் எனப்படும் உடற்சிதைவுத் திகில் படங்கள் என்று வரும்போது, முதல் இருபது நிமிடத்திலேயே முகம் சுளித்து நிறுத்திவிடுபவர்களையும், அருவருப்பைத் தாங்குவதே ஒரு வீரம் என்று எண்ணிப் படம் படமாகப் பார்த்துத் தள்ளுபவர்களையும்தான் நான் அதிகம் சந்தித்திருக்கிறேன். இவ்விரண்டு வகையினருக்கும் படம் பிடிபடுவதில்லை. இத்தகைய படங்களுக்குள் முறையாக நுழைய விரும்பும் புதியவருக்காக, வெகுசன ஊடகத்தின் ஆபத்தை உடலைக் கொண்டே பேசும் ‘வீடியோட்ரோம்’ என்ற 1983ஆம் ஆண்டுக் கனடியப் படத்தை நடுவில் வைத்து, அதற்கு முன் பார்க்க வேண்டியவை, பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை, பார்த்த பின் செய்ய வேண்டியவை ஆகியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில், எதைப் பார்க்கப் போகிறோம் என்று அறிதல்

பேய்ப் படத்தில் ஆபத்து வெளியிலிருந்து வருகிறது. கதவைத் தாழிட்டால், மந்திரவாதியை அழைத்தால், ஊரை விட்டே போய்விட்டால் தப்பிக்கலாம் என்ற நம்பிக்கை பாத்திரத்துக்கும் நமக்கும் கடைசி வரை இருக்கும். பாடி ஹாரரில் ஆபத்து சொந்த உடலுக்குள் நிகழ்வதால், எங்கே ஓடினாலும் அது கூடவே வருகிறது. தோல் நிறம் மாறுகிறது, நகம் உதிர்கிறது, இல்லாத உறுப்பு முளைக்கிறது, உலோகமும் சதையும் ஒன்றாகின்றன. இதனோடு தர்க்கத்தை மீறிய, கனவு போன்ற சர்ரியல் தன்மையும் சேரும்போது, நடப்பதற்கு மருத்துவக் காரணத்தையோ, எல்லாம் கனவு என்ற சமாதானத்தையோ படம் நமக்குத் தருவதில்லை. அந்தச் சமாதானத்தை எதிர்பார்த்து உட்கார்பவர்களே பாதியில் எழுந்து போகிறார்கள்.

இதை அந்நிய நாட்டு வக்கிரம் என்று ஒதுக்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காளத்தியில் இறைவனின் கண்ணில் குருதி வடிவதைக் கண்டு தன் கண்ணைத் தோண்டி அப்பிய கண்ணப்பர், இரண்டாவது கண்ணையும் தோண்டிவிட்டால் இடம் தெரியாமல் போகும் என்பதற்காகத் தன் காலை அங்கே ஊன்றி அடையாளம் வைத்துக்கொண்டார் என்று பெரியபுராணம் சொல்கிறது. தசையை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையாரும், போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் சமைக்கும் கலிங்கத்துப்பரணியின் பேய்களும் நமக்குப் புதியவர்கள் அல்லர். வாளால் நெற்றியைக் கீறிக்கொண்டு அருள்வாக்குச் சொல்லும் கோயில் சாமியாடியான வெளிச்சப்பாட்டை இந்தப் பகுதிக் குழந்தைகள் பயமும் ஆர்வமும் கலந்து பார்த்தே வளர்கிறார்கள். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கண்ணப்பர் கதையில் சிதையும் உடலை ஏற்றுக்கொள்ள எதிரில் ஒருவர் இருக்கிறார். ‘நில்’ என்று தடுக்க ஒரு கை நீள்கிறது. பாடி ஹாரரில் அந்தக் கை நீள்வதில்லை. எதிரில் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும், அல்லது அந்த இடத்தில் ஒரு நிறுவனம் உட்கார்ந்திருக்கும். படம் பார்க்கும் நேரமெல்லாம் மனத்தில் வைத்திருக்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த உடல் யாருக்காகச் சிதைகிறது?

எந்த வரிசையில் பார்ப்பது

‘வீடியோட்ரோ’மை எடுத்த எடுப்பில் பார்க்க வேண்டாம். அதே இயக்குநர் டேவிட் க்ரோனன்பெர்க் 1986இல் எடுத்த ‘தி ஃப்ளை’யிலிருந்து தொடங்குவதே நல்லது. பொருள்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்பும் இயந்திரத்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானி தன்னையே அனுப்பிப் பார்க்கும்போது, கூடவே ஓர் ஈயும் உள்ளே புகுந்துவிட, இரண்டும் ஒரே உயிராகக் கலந்துவிடுகின்றன. கதை நேர்கோட்டில் செல்வதால் குழப்பமில்லை. ஜெஃப் கோல்ட்ப்ளம் நடித்த அந்த விஞ்ஞானியின் உடல் நாளுக்கு நாள் கைவிட்டுப் போவதைப் பார்க்கும் காதலியின் துயரம், வீட்டில் நீண்ட கால நோயாளியைக் கவனித்துக்கொண்ட எவருக்கும் புரியும். ஒப்பனைக்காக ஆஸ்கர் பெற்ற படம் இது. என்றாலும் ஒப்பனையை வியப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், எந்தக் காட்சியில் உங்கள் அருவருப்பு இரக்கமாக மாறியது என்று கவனியுங்கள். அந்த இடத்தைக் கண்டுகொண்டவர் இந்த வகைமைக்குள் பாதி தூரம் வந்துவிட்டார்.

அடுத்து, இயக்குநர் லூயி புனுவலும் ஓவியர் சல்வதோர் டாலியும் 1929இல் உருவாக்கிய ‘ஆன் ஷியான் ஆந்தலூ’ என்ற மௌனக் குறும்படத்தைப் பாருங்கள். கால் மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடும். தொடக்கத்திலேயே சவரக்கத்தி ஒரு கண்ணைக் கிழிக்கும் காட்சி வருகிறது. படமெடுக்கப்பட்டது கன்றுக்குட்டியின் கண் என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தாலும் உடம்பு கூசும். இந்தப் படத்தில் ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையே காரண காரியத் தொடர்பைத் தேடாமல் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். அந்தப் பழக்கம் இல்லாமல் ‘வீடியோட்ரோ’முக்குச் சென்றால், ‘இது உண்மையா, பிரமையா’ என்ற ஒரே கேள்வியில் மாட்டிக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் தவறவிட நேரும்.

உட்காரும் முன்

இவை பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கான படங்கள் என்பதில் எவ்விதச் சலுகையும் வேண்டாம். ‘வீடியோட்ரோ’மில் பாலியல் வன்முறையும், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதலும், தற்கொலையும் வெளிப்படையாகவே காட்டப்படுகின்றன. இவற்றில் எதுவாவது உங்கள் சொந்த வாழ்வில் ஆறாத புண்ணாக இருக்குமானால், இப்போது பார்க்காமல் இருப்பதில் ஒரு குறைவும் இல்லை. பார்த்த பின் மனம் சரியாகவில்லை என்றால் 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணை அழைத்துத் தமிழிலோ மலையாளத்திலோ பேசலாம்.

இந்தப் படத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. அமெரிக்கத் திரையரங்குகளுக்காகச் சில காட்சிகள் வெட்டப்பட்ட வடிவத்தை விட்டு, ஓரிரு நிமிடம் நீளமான முழு வடிவத்தைத் தேடுங்கள். தமிழில் வசன எழுத்து (சப்டைட்டில்) கிடைப்பது அரிது. ஆங்கில வசன எழுத்து வேகமாக ஓடுவதாகத் தோன்றினால், மலையாளம் வாசிக்கத் தெரிந்த நம் பகுதியினருக்கு ஒரு வசதி இருக்கிறது. எம்சோன் என்ற தன்னார்வக் குழு ஏராளமான உலகப் படங்களுக்கு மலையாள வசன எழுத்தை உருவாக்கி வெளியிட்டு வருகிறது, அங்கே தேடிப் பார்க்கலாம். சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம்; காரணத்தைப் படமே சொல்லிவிடும்.

‘வீடியோட்ரோ’மைப் பார்த்தல்

டொராண்டோவில் ஒரு சிறிய தொலைக்காட்சி நிலையத்தை நடத்தும் மேக்ஸ் ரென், பெரிய நிலையங்களோடு போட்டியிட முடியாததால் ஆபாசத்தையும் வன்முறையையும் விற்றுப் பிழைப்பவன். ஜேம்ஸ் வுட்ஸ் நடித்திருக்கிறார். அவனிடம் பணியாற்றும் தொழில்நுட்பக்காரன் செயற்கைக்கோள் அலைகளைத் திருட்டுத்தனமாகப் பிடிக்கும்போது, கதையோ வசனமோ இல்லாமல் சித்திரவதையை மட்டுமே காட்டும் ஒரு நிகழ்ச்சி சிக்குகிறது. அது நடிப்பா, உண்மையா என்று அறியும் ஆவல் மேக்ஸை இழுக்கிறது. பார்க்கப் பார்க்க அவன் உடலும் மாறத் தொடங்குகிறது. தொலைக்காட்சிப் பெட்டி மூச்சு விடுகிறது, அவன் வயிற்றில் ஒரு வாய் திறக்கிறது. இதற்கு மேல் கதையைச் சொல்லப் போவதில்லை.

க்ரோனன்பெர்க் சிறுவனாக இருந்தபோது, இரவில் கனடிய நிலையங்கள் ஒளிபரப்பை முடித்த பிறகு, எல்லைக்கு அப்பாலுள்ள அமெரிக்காவின் பஃபலோ நகரத்து அலைகள் மங்கலாகக் கிடைக்குமாம். யாருக்கும் காட்டக் கூடாத ஏதோ ஒன்று அதில் வந்துவிடுமோ என்று அஞ்சியதாக அவர் கூறியிருக்கிறார். தூர்தர்ஷன் காலத்தில் மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி இரு மாநில நிகழ்ச்சிகளையும் தேடிய நம் முந்தைய தலைமுறைக்கு இந்த அனுபவத்தை விளக்க வேண்டியதில்லை. எல்லையோரத்தில் இருப்பவனுக்குத்தான் தனக்கென்று அனுப்பப்படாத அலையும் வந்து சேர்கிறது. அதைப் பார்ப்பதில் ஒரு திருட்டுச் சுகமும் உண்டு. படத்தின் வேர் அந்தச் சுகத்தில் இருக்கிறது.

முதல் காட்சியையே கவனியுங்கள். காலையில் மேக்ஸை எழுப்புவது மனிதர் அல்லர். தொலைக்காட்சித் திரையில் ஓடும் பதிவுநாடா ஒன்றில் அவனுடைய செயலாளர் பேசி எழுப்புகிறார். பிரமை எதுவும் தொடங்காத, ‘சாதாரணமான’ அந்த நேரத்திலேயே திரை அவன் படுக்கையருகே வந்துவிட்டது. இன்று கண் விழித்ததும் தலையணைக்கடியில் கைப்பேசியைத் துழாவுபவர்களுக்கு இந்தக் காட்சியில் வியக்க எதுவும் இராது என்பதே கவலைக்குரியது.

பிறகு, அலை எங்கிருந்து வருவதாகச் சொல்லப்படுகிறது என்பதைப் பின்தொடருங்கள். முதலில் மலேசியாவிலிருந்து வருவதாகத் தெரிகிறது. கொடுமை என்றால் அது எங்கோ கிழக்கே நடப்பது என்று மேக்ஸ் நம்பிவிடுகிறான். பாதிப் பேருக்கு மலேசியாவில் உறவினர் இருக்கும் தமிழருக்கு இந்த இடத்தில் சற்றே சிரிப்பு வரலாம். பின்னர் அது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம் என்று தெரிகிறது, அதன் பிறகும் அந்தக் கதை மாறுகிறது. ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் கொடுமை மேக்ஸுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வருவதைக் காணலாம்.

தொலைக்காட்சியில் மட்டுமே, அதுவும் ஒரு நேர்காணல் நிகழ்ச்சியில்கூட மேசை மேல் வைத்த பெட்டிக்குள்ளிருந்து மட்டுமே தோன்றும் ஒரு பேராசிரியர் இப்படத்தில் உண்டு. ஊடகங்கள் மனிதப் புலன்களின் நீட்சி என்று 1964இல் எழுதிய கனடிய அறிஞர் மார்ஷல் மெக்லூஹனே அந்தப் பாத்திரத்துக்கு முன்மாதிரி. அவர் கற்பித்த டொராண்டோ பல்கலைக்கழகத்தில்தான் க்ரோனன்பெர்க்கும் படித்தார். நீட்சி என்ற அந்தக் கருத்தை இயக்குநர் சொல்லுக்குச் சொல் உண்மையாக எடுத்துக்கொள்கிறார். கண் திரை வரை நீளும் என்றால், திரையும் கண் வழியே உடலுக்குள் நீளும் அல்லவா? மேக்ஸின் வயிற்றில் திறக்கும் பிளவுக்குள் வீடியோ கேசட்டைச் செருகும் காட்சி இந்த வாதத்தின் உச்சம். அங்கே கோரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிராமல், செருகுபவர் யார், செருகிய பின் மேக்ஸ் யாருடைய சொல்லைக் கேட்கிறான் என்று பாருங்கள். செருகுபவரின் நிறுவனம் ஏழை நாடுகளுக்கு மலிவான மூக்குக் கண்ணாடியும் நேட்டோ படைகளுக்கு ஏவுகணை வழிகாட்டும் கருவியும் செய்வதாக ஒரு வசனம் போகிற போக்கில் வந்து போகும். பார்வையைத் திருத்துபவனும் குறி பார்க்கக் கற்பிப்பவனும் ஒரே முதலாளி என்பதைவிட ஊடக உடைமை பற்றிச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரிந்து வேறு வசனம் இல்லை.

ஒரு பயிற்சியும் சொல்கிறேன். ஒரு தாளையும் பேனாவையும் அருகில் வைத்துக்கொண்டு, ‘இது நிச்சயமாக உண்மையில் நடக்கிறது’ என்று நீங்கள் கடைசியாக நம்பிய காட்சி எது என்று குறித்து வையுங்கள். படம் மேக்ஸின் பார்வையை விட்டு வெளியே வருவதில்லை என்பதால், பிரமை எங்கே தொடங்கியது என்று காட்டும் வேலி எதுவும் கிடையாது. நண்பர்களோடு பார்த்தால் ஒவ்வொருவர் தாளிலும் வெவ்வேறு காட்சி இருக்கும். அந்த வேறுபாட்டிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.

பயம் மிகுந்தால் செய்ய வேண்டியது

திரையை மூடுவதைவிட, காட்சி எவ்வாறு செய்யப்பட்டது என்று எண்ணிப் பார்ப்பது பயன் தரும். கணினி வரைகலை கைக்கு வராத காலத்தில் ஒப்பனைக் கலைஞர் ரிக் பேக்கரும் அவர் குழுவினரும் ரப்பரையும் காற்றையும் கொண்டு இவற்றைச் செய்தார்கள். புடைத்து வெளியே வரும் தொலைக்காட்சித் திரை, பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் மெல்லிய ரப்பர் தாள். அதன் மேல் ப்ரொஜெக்டர் வழியே படத்தை விழச் செய்தார்கள். பெட்டி மூச்சு விடுவதற்காகக் காற்றழுத்தக் கருவியின் வால்வுகளைப் பியானோவின் விசைப்பலகையோடு இணைத்து, ஒருவர் உட்கார்ந்து வாசித்தார். வயிற்றுக்குள் போகும் கேசட் பீட்டாமேக்ஸ் வகை. அக்காலத்தின் மற்றொரு வகையான விஎச்எஸ் கேசட் பெரிதாக இருந்ததால் செயற்கை வயிற்றுக்குள் அது நுழையவில்லை. இவ்வளவும் தெரிந்த பிறகும் பயம் போகவில்லை என்றால் தாராளமாக நிறுத்திவிட்டு எழுந்து போகலாம். படம் நாளைக்கும் இருக்கும்.

இரண்டு தவறான வாசிப்புகள்

தொலைக்காட்சி கெடுதல், ஆகவே தடை செய்ய வேண்டும் என்று இப்படம் சொல்வதாக எண்ணுவது முதலாவது. உண்மையில் அந்த நச்சு அலையை உருவாக்குபவர்கள், சமூகம் சீரழிந்துவிட்டது, அழுக்கைப் பார்ப்பவர்களை ஒழித்துக் கட்ட வேண்டும் என்று பேசும் தூய்மைவாதிகளே. தணிக்கையாளர் அஞ்சுவதெல்லாம் உண்மையாகவே நடந்தால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு, அந்த அச்சத்தை வைத்துப் பிழைப்பவர் யார் என்ற இடத்துக்குப் படம் போய்விடுகிறது. எல்லாம் மேக்ஸின் மனப்பிரமை, ஆகவே பொருட்படுத்த ஒன்றுமில்லை என்பது மற்றொன்று. பிரமையில் எடுத்த துப்பாக்கியால் சுடப்படுபவர்களின் கதியை நினைத்தால் இந்த வாதம் நிற்காது.

படத்தில் வருவது எட்டாத கற்பனை என்று தோன்றினால் 2018ஆம் ஆண்டை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக நடித்து எடுக்கப்பட்ட ஒரு காணொளியின் இறுதிப் பகுதியை வெட்டிவிட்டு, பிள்ளை பிடிப்பவர்கள் வந்துவிட்டார்கள் என்ற செய்தியோடு இந்தியா முழுவதும் வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள். இத்தகைய வதந்திகள் பரவியிருந்த அந்த மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குச் செல்லும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு முதிய பெண்ணை ஊரார் அடித்தே கொன்றார்கள். அதே ஆண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் வரம்பு வைத்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத பிம்பம், பார்த்தவர்களின் கைகளுக்குள் புகுந்து இன்னொருவரின் உடலில் முடிந்தது. க்ரோனன்பெர்க் ரப்பரில் செய்து காட்டியதும் இதுவே.

ஆகையால் படம் பார்த்த வாரத்தில் ஒரு சிறு வேலையைச் செய்யுங்கள். உங்கள் கைப்பேசிக்கு வரும் காணொளிகளில் உடல் சட்டென்று எதிர்வினை காட்டும் ஒன்றை, அதாவது நெஞ்சு படபடக்கவோ கை முறுக்கவோ செய்யும் ஒன்றைத் தேர்ந்து, எங்கே எடுக்கப்பட்டது, முன்னும் பின்னும் என்ன வெட்டப்பட்டிருக்கிறது, இதைப் பார்த்து நான் கொதித்தால் யாருக்கு லாபம் என்று எழுதிப் பாருங்கள். கூடவே ஓர் எச்சரிக்கை: பாடி ஹாரரில் பழகிவிட்டோம் என்ற துணிவில் உண்மையான விபத்து, கொலைக் காணொளிகளைத் தேடிப் போகாதீர்கள். ரப்பரும் காற்றும் சேர்ந்து செய்த காயத்துக்கும், ஒருவரின் அனுமதியின்றிப் படமான மரணத்துக்கும் இடையிலுள்ள கோட்டைத் தாண்டிய இடத்திலிருந்தே மேக்ஸின் கதை தொடங்குகிறது. படத்தின் கோரக் காட்சிகளை மட்டும் வெட்டிக் குடும்பக் குழுவில் போடும் வேலையும் வேண்டாம்.

சேர்ந்து பார்ப்பதற்கு

தனியாக ஒரு முறை பார்த்த பின் கூட்டமாக ஒரு முறை பார்ப்பது நல்லது. ப்ரொஜெக்டர் வசதியுள்ள வாசகசாலை பக்கத்தில் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் பொதுத் திரையிடலுக்கு உரிமையாளரின் அனுமதி தேவை என்பதால், இதில் பழக்கமுள்ள ஒரு திரைப்படச் சங்கத்தின் துணையோடு செய்வதே முறை. அறிவிப்புத் தாளில் வயது வரம்பையும், படத்தில் என்னென்ன வகை வன்முறை இருக்கிறது என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். படம் முடிந்தவுடன் விளக்கைப் போட்டுக் கருத்துக் கேட்காமல், தேநீர் குடிக்கும் அளவுக்கு நேரம் கொடுத்துவிட்டு, மேற்சொன்ன தாள்களை எடுத்துப் பேசத் தொடங்குங்கள். அறிவாளித்தனமாகப் பேசுபவரை முதலில் பேசவிடாதிருப்பது நடத்துபவரின் பொறுப்பு.

இதன் பிறகு, தொலைக்காட்சியையும் உடலையும் மீண்டும் ஒன்றாகப் பார்க்க விரும்பினால் 2024இல் வந்த கோரலி ஃபார்ஷாவின் ‘தி சப்ஸ்டன்ஸ்’ ஏற்றது. ஐம்பது வயதானதும் நிலையத்தாரால் நீக்கப்படும் உடற்பயிற்சி நிகழ்ச்சி நட்சத்திரமாக டெமி மூர் நடித்த இப்படத்தில், இளமை தரும் மருந்தைச் செலுத்திக்கொண்டவளின் முதுகைப் பிளந்து இன்னொருத்தி எழுந்து வருகிறாள். கான் விழாவில் திரைக்கதைக்கான விருது பெற்றது. இரண்டேகால் மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. கடைசிப் பகுதி நீளம் என்பது என் கருத்து, இருந்தாலும் மேக்ஸின் நிலையத்துக்கும் இந்தப் பெண்ணின் நிலையத்துக்கும் இடையே நாற்பது ஆண்டுகளில் முதலாளியின் குரல் எவ்வளவு மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். டேவிட் லிஞ்சின் ‘எரேசர்ஹெட்’ (1977) சித்திரவதை எதுவும் இல்லாமலே உடலை அந்நியமாக்கும் படம். அவசரமில்லை, ஓய்வான மனநிலை வாய்க்கும்போது பார்க்கலாம்.

ஷின்யா சுகமோட்டோவின் ‘டெட்சுவோ: தி அயர்ன் மேன்’ (1989) கடைசியில் வர வேண்டியது. கறுப்பு வெள்ளையில் 16 மிமீ பிலிமில் எடுக்கப்பட்ட, 67 நிமிடமே ஓடும் ஜப்பானியப் படம். உலோகம் ஓர் அலுவலகப் பணியாளரின் உடலெங்கும் முளைக்கிறது. காட்சிகள் மிக வேகமாக வெட்டி வெட்டி மாறுவதால் வலிப்பு நோய் உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். சூ இஷிகாவாவின் இரும்பு அடிக்கும் இசையைக் கைப்பேசியில் கேட்டால் படத்தில் பாதி போய்விடும். நல்ல ஒலிபெருக்கியாவது வேண்டும். இத்தகைய படங்களை அரங்கில் பார்க்க விரும்புபவர்கள், டிசம்பரில் திருவனந்தபுரத்தில் கேரள சலச்சித்ர அகாதமி நடத்தும் சர்வதேசத் திரைப்பட விழாவின் பிரதிநிதிப் பதிவு தொடங்கும் தேதியைக் கவனித்திருங்கள். பொள்ளாச்சி, பாலக்காடு வழியாகச் செல்லும் அமிர்தா எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் திருவனந்தபுரத்தில் இறங்கிவிடலாம். விழா நாள்களில் படுக்கை கிடைப்பது கடினம் என்பதால் அதையும் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள்.